நம்பத்தகுந்த வட்டாரம்

பறக்கும் டாக்ஸி தயாரிக்கிற கம்பெனியில் லிஃப்ட் ஓடவில்லை.

"மேடம், இவங்க மனுஷங்களை வானத்துல ஏத்தப் போறாங்களாம். முதல்ல அஞ்சாவது மாடிக்கு ஏத்தச் சொல்லுங்க" என்றேன், மூன்றாவது மாடிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"வாயை மூடிட்டு ஏறு. பாதி மூச்சு மிச்சமாகும்."

மேடம் அப்படித்தான் பேசுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பல வருடம், தீப்பிடித்த கடைகளில் எது தானாகப் பிடித்தது, எது முதலாளியே வைத்தது என்று மோந்து பார்த்துச் சொல்கிற உத்தியோகம் பார்த்தவர். அது அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். நிறுவனம் என்றால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, அப்புறம் நான். கார் ஓட்டுவது, பை தூக்குவது, நடுநடுவே பேசுவது என் வேலை. கடைசி வேலையை அவர் கேட்டதே இல்லை. நானாகவே எடுத்துச் செய்கிறேன். அதனால் எனக்கு 'ரேடியோ' என்று பேர்.

மேலே கம்பெனியின் ஸ்தாபகர் காத்திருந்தார். எல்லோரும் அவரை 'சீஃப்' என்கிறார்கள். கறுப்பு டி-ஷர்ட், வெள்ளை ஷூ, காதில் எந்நேரமும் ஒரு கருவி. தலையில் அலை அலையாக அப்படியொரு முடி. அந்தக் கம்பெனியின் மிகச் சிறந்த தயாரிப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது.

அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். பச்சைப் புல்வெளி. அதற்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், எட்டு விசிறிகளும் சுழல, லேசாகச் சாய்ந்தபடி வெள்ளையாக ஒரு பறக்கும் டாக்ஸி. உள்ளேயிருந்து ஒரு விமானி கையசைக்கிறார். நேர் கீழே சீஃப் கையைக் கட்டிக்கொண்டு, எதிர்காலத்தையே அண்ணாந்து பார்க்கிறார். பக்கத்தில் விருந்தினருக்குப் போட்ட டீ மேஜை.

"மனித குலத்தோட அடுத்த பாய்ச்சல்!" என்றார் சீஃப்.

"லிஃப்ட் எப்ப பாயும் சார்?" என்று கேட்டேன். மேடம் என் காலை மிதித்தார்.

"விஷயத்துக்கு வாங்க" என்றார் மேடம்.

சீஃப் தன் போனை நீட்டினார். விமானம், புதுத் தொழில்நுட்பம், வியாபாரச் செய்தி மூன்றையும் கலந்து எழுதுகிற யாரோ ஒரு ஆர்வலரின் இணையப் பக்கம். மேடம் சத்தமாகப் படித்தார்.

"'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிப்பதாவது: பறக்கும் டாக்ஸி பறக்கவில்லை. தொங்கியது. கயிற்றையாவது ஒழுங்காகக் கட்டியிருக்கலாம். கசாப்புக் கடையில்கூட இதைவிட நேராகத் தொங்கவிடுவார்கள்.'"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"பச்சைப் பொய்!" சீஃப் மேஜையைத் தட்டினார். "இதை ஒரு வியாபாரச் சேனல் எடுத்துப் போட்டுச்சு. அதைப் பாத்து ஒரு பேப்பர்ல போட்டான். இன்னிக்கு நாலு மணிக்கு முதலீட்டுக் கம்பெனி அம்மா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வர்றாங்க. 'முதல்ல இந்த வதந்தியை விளக்குங்க, அப்புறம் பேனாவைத் திறக்கறேன்'ங்கறாங்க."

"எழுதினது யாரு?"

"ஒரு பல் டாக்டர். அந்த ஆளோட மருமகள் நம்ம கம்பெனியில பேட்டரி இன்ஜினியர். வட்டாரம்னா யாருன்னு இதுக்கு மேல சொல்லணுமா? நாலு மணிக்கு அந்தம்மா முன்னாடி, 'இந்தப் பொண்ணுதான் பொய்யைப் பரப்பினா'ன்னு நீங்க ஒரு வரி சொன்னா போதும். வேலையை விட்டுத் தூக்கிட்டு போலீஸ்ல புகார் கொடுத்துடுவேன். இனிமே இந்தத் துறையில ஒருத்தன் அவளைச் சேத்துக்க மாட்டான்."

"உங்களுக்குத் துப்பறியற ஆள் வேண்டாம். ஆமாம் போடற ஆள்தான் வேணும்" என்றார் மேடம்.

"ரெண்டுக்கும் ஒரே ரேட்டா மேடம்?" என்றேன்.

மறுபடியும் காலில் மிதி. இந்த முறை குதிகாலால்.

"சரி, விசாரிக்கறேன். ஒரே ஒரு கேள்வி சார். அது பறந்துச்சா?"

"அதான் படத்துலயே தெரியுதே!"

மேடம் படத்துக்குப் பக்கத்தில் போய், மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தார். என்ன பார்த்தார் என்று என்னிடம் சொல்லவில்லை.

மருமகளை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். போனையும் கம்ப்யூட்டரையும் பிடுங்கியாயிற்று. முப்பது வயதுக்குள் இருக்கும். விரல்களில் சூடுபட்ட தழும்புகள். மேஜைமேல் கையை வைத்து, நகத்தால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மாமனார்கிட்ட ஏதாவது சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார் மேடம்.

"இல்லைங்க."

"வாய் தவறி? சாப்பிடும்போது?"

"எங்க வீட்டுல சாப்பிடும்போது பேசறது மாமா மட்டும்தான். எந்த விமானக் கம்பெனி எந்தக் கம்பெனியை விழுங்குச்சு, எந்த போன்ல என்ன சிப்பு போட்டிருக்கான், எந்தப் பங்கு விழுந்துச்சு... நாங்க எல்லாரும் தட்டுக்கு முன்னாடி உக்காந்து தலையாட்டுவோம்."

"சரி. அந்த டாக்ஸி பறந்துச்சா?"

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். "கம்பெனி விஷயத்தை வெளிய பேசக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உங்க பேரே கெட்டுப்போகப் போகுது. புரியுதா?"

"புரியுது. எட்டாங்கிளாஸ்ல இருந்து இந்த வேலைக்குத்தான் ஆசைப்பட்டேன். இதைவிட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க." மறுபடி நகத்தைச் சுரண்டினாள். "ஆனா நான் யார்கிட்டயும் சொல்லல."

வெளியே வந்ததும் மேடம் கேட்டார்: "என்ன கவனிச்சே?"

"பாவம், பயந்து போயிருக்காங்க."

"மக்கு. வாசல்ல இருந்த காவல்காரர்ல இருந்து மேல வரைக்கும் யாரைக் கேட்டாலும் 'சூப்பரா பறந்துச்சு'ங்கறாங்க. இவ ஒருத்திதான் 'பறந்துச்சு'ன்னு சொல்லல."

காப்பி மெஷின் பக்கத்தில் படத்தில் இருந்த விமானி நின்றிருந்தார். தோளில் தங்கப் பட்டை, மடிப்புக் கலையாத சட்டை, தும்பைப்பூ மாதிரி வெளுப்பு. ஓட்டுவதற்கு வண்டி இல்லாத டிரைவருக்கு எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் அவருக்கும் இருந்தது போல. இஸ்திரி போட்டே தீர்த்திருக்கிறார்.

"கேப்டன், அந்தப் பேட்டரிப் பொண்ணு எப்படி?" மேடம் கேட்டார்.

அவர் முகத்தைச் சுளித்தார். "போனா நல்லதுதான். முன்னாடியெல்லாம் பாத்தா சிரிக்கும். படம் எடுத்ததுல இருந்து, என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகுது. நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படியிறங்க ஆரம்பித்தார்.

காரில் ஏறியதும் திட்டம் சொன்னார். "போன உடனே 'யார் சொன்னா'ன்னு கேட்டா, அந்த டாக்டர் நெஞ்சை நிமித்திட்டு 'சொல்ல மாட்டேன்'ம்பார். முதல்ல பேச விடணும். உனக்குப் பல் வலி."

"எனக்கா? நல்லாத்தானே இருக்கு!"

"இன்னும் கொஞ்ச நேரத்துல வலிக்கும்."

பல் டாக்டரின் கிளினிக், விமானங்கள் தரையிறங்க வருகிற பாதைக்கு நேர் கீழே இருந்தது. இடம் பிடிக்கும்போதே யோசித்துப் பிடித்திருக்கிறார், மனுஷன். பல் செட்டு வைக்க வேண்டிய அலமாரியில் பொம்மை விமானங்கள். நோயாளி படுக்கிற நாற்காலிக்கு மேலே கூரையில், விமானங்களின் அடிவயிற்றுப் படங்கள். மூலையில் சத்தமில்லாத டிவியில் பங்கு விலைகள் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தில் பைனாகுலர், கையில் துளைக்கிற மெஷின்.

நான் வாயைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! கடவாய்ப் பல்லு ரெண்டும் சொத்தை. எப்படித் தாங்கறீங்க?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

மெஷின் வாய்க்குள் வந்த நேரம், வெளியே இரைச்சல் கேட்டது. டாக்டர் அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். "சரக்கு விமானம்! ரெண்டு இன்ஜின்! இன்னிக்கு லேட்டு, வேலையாளுங்களைக் குறைச்சிட்டாங்க இல்ல, அதான் ஆள் பத்தல. அடுத்த காலாண்டுல நஷ்டம் காட்டப் போறாங்க, எழுதி வச்சுக்கங்க!" வாயைப் பிளந்தபடி நான் எதை எழுதி வைக்க? எச்சில் உறிஞ்சுகிற குழாய் மட்டும் என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

"பறக்கும் டாக்ஸி பத்தி நீங்கதானே எழுதினது?" மேடம் மெதுவாகத் தூண்டில் போட்டார். "பிரமாதம்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "படிச்சீங்களா? எழுதிட்டு எனக்கே கொஞ்சம் உதறல்தான். அப்புறம் பேப்பர்லயே வந்திருச்சு பாருங்க, 'வட்டாரங்கள் உறுதி செய்தன'ன்னு! அப்பத்தான் தெம்பு வந்துச்சு."

"பேப்பருக்கு யார் சொன்னாங்க?"

"டிவியைப் பாத்துப் போட்டாங்க."

"டிவிக்கு?"

டாக்டர் யோசித்தார். முகம் லேசாகச் சுருங்கியது. "அது... என் பக்கத்தைப் பாத்துத்தான் போல."

"அப்ப நீங்க எழுதினதை நீங்களே உறுதி செஞ்சிருக்கீங்க."

வியாபாரச் செய்தி என்பது எப்படித் தயாராகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இத்தனை நாள் அதை மரியாதையோடு கேட்டு, புரிந்த மாதிரி தலையாட்டிய என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"சரி, உங்களுக்கு யார் சொன்னாங்க டாக்டர்?"

நெஞ்சு நிமிர்ந்தது. "அதைக் கேக்காதீங்க. தகவல் தந்தவங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

"நல்லது. நாலு மணிக்கு உங்க மருமகளை வேலையை விட்டுத் தூக்கறாங்க. புகார் போலீசுக்குப் போகுது."

கையிலிருந்த மெஷின் தட்டில் விழுந்தது. நல்லவேளை, என் வாயில் இல்லை.

"என் மருமகளையா? எதுக்குங்க?"

"உங்க நம்பத்தகுந்த வட்டாரம் அவதானாம்."

"ஐயோ, அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னதில்லையே! நானே எத்தனையோ தடவை நோண்டிக் கேட்டிருக்கேன், 'தண்ணி எடுத்துட்டு வரேன் மாமா'ன்னு எந்திரிச்சுப் போயிடும்!" அவர் தொப்பென்று தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வட்டாரமே கிடையாதுங்க."

"என்னது?"

"பெரிய பேப்பர்ல எல்லாம் அப்படித்தானே ஆரம்பிக்கறாங்க! 'ஒரு பல் டாக்டர் போட்டோவைப் பாத்துட்டுச் சொல்றார்'னு எழுதினா எவன் படிப்பான்? கொஞ்சம் கெத்தா இருக்கட்டுமேன்னு போட்டேன். நேத்து ராத்திரி அந்தப் பொண்ணு சாப்பிடாம போய்ப் படுத்துச்சு. வேலைல அசதின்னு நினைச்சேனே! பாவி நான், என் வறட்டு ஜம்பத்துக்கு அதோட பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!"

கேலி செய்ய வாயெடுத்தவன் விட்டுவிட்டேன். வாயில் பஞ்சு இருந்ததும் ஒரு காரணம்.

"எந்த போட்டோ?" என்றார் மேடம்.

"கம்பெனிக்காரங்களே ஊர் பூரா அனுப்பினாங்களே, அதுதான். இருங்க, காட்டறேன்." பல்லில் காற்றடிக்கிற குழாயை எடுத்து, என் மார்பில் போட்டிருந்த காகிதத் துண்டின்மேல் அடித்தார். அது சடாரென்று எழும்பி என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா? விசிறி வச்ச எந்த மெஷினும் மேல நிக்கணும்னா, காத்தைக் கீழ தள்ளணும். எவ்வளவு கனமோ அவ்வளவு காத்து. அந்த டாக்ஸிக்குக் கீழ நின்னா ஆளே நிக்க முடியாது. இந்த ஆளோட தலையைப் பாருங்க. ஒரு முடி கலைஞ்சிருக்கா?"

போனில் சீஃப் சிரித்தார். ஒரு முடி கலையவில்லை.

"கிளம்புங்க டாக்டர்" என்றார் மேடம். "கோட்டைக் கழட்டாதீங்க. அப்படியே வாங்க."

"மேடம், என் பல்லு?" என்றேன்.

"அதெங்க போகப் போகுது?"

நாலு மணிக்கு ஐந்தாவது மாடி அறையில், படத்துக்குக் கீழே நீள மேஜை. ஒரு பக்கம் முதலீட்டு அம்மா: நரைத்த கொண்டை, பருத்திப் புடவை, மூடிய பேனா. அவருக்கு எதிரில் சீஃப். அலங்காரத்துக்குக் கேப்டன். கடைசி நாற்காலியில் மருமகள். மாமனார் வெள்ளைக் கோட்டோடு நுழைந்ததைப் பார்த்து அவள் எழுந்தே விட்டாள்.

"மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எல்லாம் என்னாலதாம்மா" என்றார் அவர்.

"கண்டுபிடிச்சாச்சா?" சீஃப் கையைத் தேய்த்துக்கொண்டார். "யாருன்னு சொல்லுங்க."

"நீங்கதான்" என்றார் மேடம்.

"என்ன?"

"இவருக்கு யாரும் எதுவும் சொல்லல. 'வட்டாரம்'னு போட்டது வெத்து ஜம்பம். நீங்க அனுப்பின படத்தைப் பாத்தார். எட்டு விசிறி சுத்துது, நீங்க நேர் கீழ நிக்கறீங்க, உங்க முடி கலையல. வாஸ்தவத்துல பறந்திருந்தா நீங்க புல்லுல உருண்டிருப்பீங்க."

முதலீட்டு அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அப்புறம் சீஃபின் தலையைப் பார்த்தார்.

அறையே சீஃபின் தலையைப் பார்த்தது. மனிதர் பெருமூச்சு விட்டார். இரண்டு கையையும் மேலே கொண்டுபோனார். கரகரவென்று ஒரு சத்தம். முடி மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

டோப்பா!

"பசை போட்டு ஒட்டினது" என்றார், மொட்டைத் தலை பளபளக்க. "புயல் அடிச்சாலும் அசையாது. போதுமா மேடம்? என் வீட்டுக்காரிக்குக்கூட இது தெரியாது."

அந்த நொடியில் எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. கம்பெனிக்காக ஒரு முதலாளி இதைவிடப் பெரிய தியாகம் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலீட்டு அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அப்ப இது வதந்திதான்" என்று ஒப்பந்தத்தை இழுத்தார். "அந்தப் பொண்ணு விஷயத்தை நீங்களே முடிச்சுக்குங்க."

"நிச்சயமா! இப்பவே போலீசைக் கூப்பிடறேன்" என்றார் சீஃப், டோப்பாவை மடியில் வைத்து வருடிக்கொண்டே.

மேடம் அசையவில்லை. "ரேடியோ, அந்தப் படத்துல சாருக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

போய்ப் பார்த்தேன். "டீ மேஜை மேடம்."

"மேஜைமேல?"

"காகிதக் கப்பு வரிசையா நிக்குது. பக்கத்துல கை துடைக்கற காகிதம், ஒண்ணுமேல ஒண்ணா..." பாதியில் எனக்கே உறைத்தது. மேடம் காலையில் மூக்கு உரச எதைப் பார்த்தார் என்று இப்போது தெரிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது; சீஃப் பக்கம் திரும்பினேன். "சார், இந்தக் கப்புங்களும் டோப்பா வச்சிருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. முதலீட்டு அம்மாவின் உதடு மட்டும் ஒரு ஓரம் துடித்தது.

"கயித்தை அழிச்சு, விசிறியைச் சுத்த விடச் சொல்லி கம்ப்யூட்டர்ல கேட்டிருக்கீங்க" என்றார் மேடம். "சமத்தா செஞ்சு கொடுத்திருச்சு. காத்தடிக்கணும்னு நீங்க சொல்லல. அதுக்குத் தெரியுமா, பாவம்?"

சீஃப் டோப்பாவைத் தலையில் வைக்கப் பார்த்தார், முன்பின்னாக உட்கார்ந்தது.

"இங்க யாருக்கெல்லாம் இது தெரியும்?" முதலீட்டு அம்மாவின் குரல் உயரவே இல்லை. ஆனால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

கேப்டன் தரையைப் பார்த்தார். அப்போது கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தெரியும். கயிறு கட்டினதே நான்தான்."

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். மேடமே திரும்பினார், அது அவர் எதிர்பார்க்காதது என்று எனக்குத் தெரியும். மருமகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாங்கள் மார்தட்ட இருந்த நேரம், அவள் தானாகவே போய்க் குழியில் இறங்குகிறாள்.

"நீயாம்மா?" என்றார் டாக்டர். "கசாப்புக் கடைன்னு நான் எழுதினேனே, அது..."

"படிச்சேன் மாமா. அவசரத்துல கட்டினது, கோணலாத்தான் இருந்துச்சு."

"எதுக்காகக் கட்டினே?" என்று கேட்டார் முதலீட்டு அம்மா.

அவள் கேப்டன் பக்கம் பார்க்காமல், மேஜையைப் பார்த்தே பேசினாள். "முந்தின நாள் தரையில வச்சு ஓட்டிப் பாத்தோம். பேட்டரி கொதிச்சுப் புகை வந்துச்சு. அதுவே வானத்துல ஆகியிருந்தா நெருப்புதான். சீஃப்கிட்ட சொன்னேன். 'ரெண்டு நிமிஷம்தானே பறக்கப் போகுது, படம் இந்த வாரமே வேணும்'னார். எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன், கேக்கல. அப்புறம் நானேதான் சொன்னேன், 'கிரேன்ல தொங்க விட்டுப் படம் எடுத்துக்குங்க, நான் கட்டித் தரேன்'னு. பறக்க விட்டா ஒரு உசிரு போகும். தொங்க விட்டா மானம்தானே போகும்னு நினைச்சேன். பொய்தான். எனக்குத் தெரிஞ்சே சொன்ன பொய். அதுக்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்க. ஆனா இவருகிட்ட நான் சொல்லல."

கேப்டன் தலை நிமிர்ந்தது. வெளுத்த சட்டைக்கு மேலே முகமும் வெளுத்திருந்தது.

"சார்" என்றார் சீஃபைப் பார்த்து. "பறக்க இன்னும் அனுமதி வரல, அதான் தொங்க விடறோம்னு என்கிட்ட சொன்னீங்க."

சீஃப் டோப்பாவை இழுத்துச் சரிசெய்தார்.

"அன்னிக்குக் காலைல 'மெஷின் சரியா இருக்கா'ன்னு உங்ககிட்ட கேட்டேன். 'தாராளமா ஏறுங்க'ன்னீங்க. என் பொண்ணையும் பாக்கக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க சார். ஸ்கூலுக்கு லீவு போட வச்சுக் கூட்டிட்டு வந்தேன். கடைசி நேரத்துல பறக்கலன்னதும் குழந்தை அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு. இத்தனை நாளா அதுக்கு இந்தப் பொண்ணைத் திட்டிட்டு இருந்தேன், கயிறு கட்டி என்னை அசிங்கப்படுத்திட்டான்னு."

"கேப்டன், கொஞ்சம் உணர்ச்சிவசப்படாம..." என்றார் சீஃப்.

"என் குழந்தை கீழ நின்னு பாத்துட்டு இருந்திருக்கும் சார்."

நானும் எத்தனையோ அறைகளில் நின்றிருக்கிறேன். குட்டு உடைந்த மனிதர்களைப் பார்த்து எத்தனையோ நக்கல் அடித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. முதலீட்டு அம்மா பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தைச் சீஃப் பக்கமாகத் தள்ளிவிட்டார். டாக்டர் மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேப்டன் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். நடக்கும்போது தோளிலிருந்த தங்கப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி. அவளுக்கு முன்னால் வந்து நின்றார். நன்றி என்று ஆரம்பிக்கப் பார்த்தார், வரவில்லை. அவளும் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"மத்தியானம் ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.